கதிரை பேசட்டும், கத்த வேண்டாம்

2023இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ படத்தை எங்களில் பலர் பார்த்திருப்போம். வீட்டில் கேம் விளையாடிய ஜான் மார்டன்பரோ, 2011இல் ஜிடி அகடமி போட்டியில் வென்று உண்மையான ரேஸ் காருக்குள் ஏறின கதை. பார்த்து முடிய ‘நாங்களும் ஒரு ரிக் போடுவம்’ எண்டுதான் தோன்றும். உடனே வருகிற கேள்விகள் இரண்டு: எந்த ஸ்டியரிங்? எத்தனை இஞ்சித் திரை?

நாங்கள் சொல்ல வருவது வேறு. கைக்கும் கண்ணுக்கும் அளவாக ஒன்று கிடைத்துவிட்டால் அது காணும். அடுத்த காசைக் கதிரைக்கும் பிரேக் பெடலுக்கும் போடுங்கோ. போட்ட பிறகு, மென்பொருள் தருகிற அதிர்வுகளில் பாதிக்கு மேல் நிற்பாட்டி விடுங்கோ.

ஏன்? உண்மையான காரில் ஓட்டுநர் கண்ணால் மட்டும் ஓட்டுவதில்லை. முன் ரயர் என்ன செய்கிறது எண்டு ஸ்டியரிங் கைக்குச் சொல்லும். பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை முதுகும் இடுப்பும்தான் முதலில் பிடிக்கும். வீட்டில் கார் அசைவதே இல்லை. திரையில் வால் சுழல்வதைக் கண்டு கை திருப்புவதற்குள் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். இந்த இடைவெளியை இன்னும் பெரிய திரை நிரப்பாது.

இதற்குப் பயன்படும் சாமான் பாஸ் ஷேக்கர். ஒலிபெருக்கி மாதிரித்தான், ஆனால் காற்றை அசைக்கிற கூம்பு இல்லை. உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து ஒரு எடையை ஆட்டும், அது பூட்டிய இடத்தை ஆட்டும். சிம்ஹப் போன்ற மென்பொருள், சில்லு எவ்வளவு வழுக்குகிறது, என்ஜின் எந்த வேகத்தில் சுழல்கிறது போன்ற தரவுகளைக் கேமிலிருந்து வாசித்து, அவற்றைத் தாழ்ந்த ஒலியாக மாற்றி அனுப்பும். கணினிக்கு அது இன்னொரு சவுண்ட் கார்ட், அவ்வளவுதான். இடையில் ஒரு அம்ப் வேணும். ஷேக்கரின் ஓம் அளவுக்கும் வாட் அளவுக்கும் பொருந்தினால் பழைய அம்ப்பும் போதும். பெடலுக்கு இதைவிட மலிவான வழி இருக்கிறது: பழுதான கேம் பேட்டுக்குள் இருக்கிற சின்ன அதிர்வு மோட்டார், ஒரு ஆர்டுயினோ, ஒரு மோட்டார் ஷீல்ட்.

பிரச்சினை பூட்டின பிறகுதான் தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் முதலில் போடுவது என்ஜின் அதிர்வு. முதல் ஐந்து நிமிடம் நல்லாத்தான் இருக்கும். ஆனால் என்ஜின் எந்நேரமும் சுழல்வதால் கதிரையும் எந்நேரமும் ஆடும். அதற்கு மேல் றோட்டின் கரடுமுரடு, கியர் மாற்றம், ஓரக்கல், மோதல் எல்லாவற்றையும் ஒரே ஷேக்கருக்குள் திணித்தால், பஸ்ஸின் கடைசி சீற்றில் இருந்து போகிற மாதிரி இருக்கும். ஆட்டம் உண்டு, தகவல் இல்லை. என்ஜின் எப்படிச் சுழல்கிறது எண்டு காது ஏற்கெனவே சொல்கிறது. அதையே முதுகும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் கணக்கில் இரண்டு அதிர்வு போதும். ஒன்று, கதிரைக்குக் கீழே பின்சில்லு வழுக்கல். மற்றது, பிரேக் பெடலில் முன்சில்லு பூட்டிக்கொள்வது. ‘அசெட்டோ கோர்சா’வில் லோட்டஸ் 49ஐ எடுத்துக்கொண்டு மொன்சாவின் முதல் வளைவுக்கு வாருங்கோ. 1967இல் பந்தயத்துக்கு வந்த அந்தக் காரில் ஏபிஎஸ் கிடையாது, சில்லைக் காப்பாற்றுவது உங்கள் கால் மட்டும்தான். சில்லு பூட்டப்போகிற கணத்தில் பெடல் நடுங்கினால், அதே கால் தானாகத் தளரும். யோசிக்கிற வேலையே இல்லை. அதிர்வு எவ்வளவு வழுக்கலில் தொடங்க வேணும் எண்டதை மட்டும் பொறுமையாகத் திருத்துங்கோ. பிந்தித் தொடங்கினால் அது எச்சரிக்கை இல்லை, மரண அறிவித்தல்.

சோதனை சுலபம். ஒரு சுற்று ஓடிவிட்டு, எந்த அதிர்வு எதைச் சொன்னது எண்டு உங்களையே கேளுங்கோ. பதில் இல்லாவிட்டால் அந்த அதிர்வை நிற்பாட்டலாம்.

‘இது உண்மையான கார் மாதிரி வருமா?’ எண்டு கேட்பார்கள். வராது. வளைவில் உடலைத் தள்ளுகிற விசையை எந்த ஷேக்கராலும் தர முடியாது. அது தருவது ஒரு குறியீடு மட்டும். குறியீட்டைப் படிக்கப் பழகவேணும், அதற்குச் சில கிழமைகள் எடுக்கும். அனுபவம் முழுசாக வேணும், எல்லாம் ஆடத்தான் வேணும் என்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை, அதுவும் ஒரு சந்தோசம்தான். ஆனால் ஓட்டப் பழக வேணும் என்கிறவர்களுக்கு அது இடைஞ்சல்.

இன்னொன்று: மேல்மாடியில் இருப்பவர்கள் ரிக்கின் காலுக்குக் கீழே தடித்த றப்பர் வையுங்கோ. கீழ்வீட்டு அன்ரிக்கு மொன்சா தேவையில்லை.

இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் காசுதான். ஸ்டியரிங்கின் விலையைப் பார்த்தே ‘இது எங்களுக்கு இல்லை’ எண்டு விலகிப்போகிற பெடியளும் பெட்டையளும் எத்தனை பேர். அவர்களுக்கு நாங்கள் காட்ட வேண்டியது ஆக விலை கூடின ரிக்கை அல்ல. பழைய கேம் பேட்டிலிருந்து கழற்றின ஒரு மோட்டார், சரியான கணத்தில் ஒரே ஒரு விசயத்தைச் சொன்னால், அதுவும் ஓட்டக் கற்றுத்தரும்.