பாண்டவர் வீட்டில் புதையல் இருக்கா?

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரம் மலையில் ஏறினால் பாறை மேல் கல் வீடுகள் தெரியும். நாலு பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். சிலவற்றில் வட்டமாக ஒரு ஓட்டை. இதுபோன்றவற்றை ஊர்ப்பக்கம் 'பாண்டவர் வீடு' என்பார்கள். உண்மையில் இவை 2 ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய ஈமச்சின்னங்கள். பெயர் கல்திட்டை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சின்னங்கள் பல இடங்களில் உடைந்து கிடக்கின்றன. கல் குவாரி ஒரு காரணம். இன்னொன்று புதையல் ஆசை. உள்ளே தங்கம் இருக்கும்னு ராத்திரியில் கடப்பாரையோடு போகிறார்கள்.

நிஜப் புதையல் எது? தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு நெல் உமி கிடைத்தது. அதை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில், காலம் கி.மு.1155 என்று தெரிந்தது. 2021-ல் சட்டசபையிலேயே இதை அறிவித்தார்கள். சுமார் 3,200 வருஷத்துக்கு முந்தைய நெல்!

அந்தத் தாழியை யாராவது தங்கத்துக்காகக் கவிழ்த்திருந்தால்? உமி மண்ணோடு போயிருக்கும். நம்ம சோற்றின் வயசும் தெரியாமலே போயிருக்கும்.

அறிவிப்புப் பலகை வைத்தால் மட்டும் போதாது. உள்ளூர் ஆளையே காவலுக்குப் போட வேண்டும். பார்க்கப் போகிறவர்களும் தாராளமா போங்க. கல்லை மட்டும் அசைக்காதீங்க.