டீசலில் ஒரு கரண்டித் தண்ணீர்!
தடைக்காலம் முடிந்ததும் படகுகள் நடுக்கடலில் நிற்பது ஏன்?

ஒரு கரண்டித் தண்ணீர் போதும். ஓடுகிற படகு நடுக்கடலில் நின்றுவிடும்!

கடலிலேயே கிடக்கிற படகுக்குத் தண்ணீரைக் கண்டு பயமா என்று கேட்கலாம். பயம்தான். படகுக்கு வெளியே எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கவலை இல்லை. டீசல் டேங்குக்குள் கொஞ்சம் போனால் ஆபத்து.

தஞ்சை மாவட்டம் என்றதும் நெல் வயல்தான் நினைவுக்கு வரும். அந்த மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கள்ளிவயல்தோட்டம் ஆகிய ஊர்களில் இருந்து படகுகள் கடலுக்குப் போகின்றன. சரபோஜி மன்னர் 1814-ல் கட்டிய மனோரா கோபுரம் இந்தக் கரையில்தான் நிற்கிறது. வாரத்தில் 3 நாள் விசைப்படகுகள் போகும். மற்ற நாட்களில் நாட்டுப் படகுகள் போகும். நாட்டுப் படகு என்றதும் துடுப்பும் பாயும் என்று நினைக்க வேண்டாம். அதிலும் இப்போது சின்ன என்ஜின் ஏறிவிட்டது.

தலைமுடியை விடச் சின்ன இடைவெளி

டீசல் என்ஜினில் தீப்பொறி கிளப்பும் பிளக் கிடையாது. என்ஜின் காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்த அழுத்தக் காற்று பயங்கரமாகச் சூடேறுகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைப் புகை போலப் பீய்ச்ச வேண்டும். உடனே தீப்பிடிக்கும். பீய்ச்சுகிற கருவிக்கு நாசில் என்று பெயர். நாசிலுக்கு டீசலைத் தள்ளுவது பம்பு.

சாதாரணப் பம்பு அல்ல, அது! கார் டயரில் இருக்கும் காற்றைப் போல 100 மடங்கு அழுத்தத்தில் அது டீசலைத் தள்ளுகிறது. அதற்காகப் பம்பின் உள்ளே ஒரு தண்டு, உருளைக்குள் ஏறி இறங்குகிறது. தண்டுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு போட்டால், அதில் 2 அல்லது 3 பங்குதான்! தலைமுடியின் கனம் அதைப் போல 20 மடங்கு இருக்கும்.

இவ்வளவு நுட்பமான பம்பை ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனி 1927-ல் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. அதன் கூட்டுறவோடு 1951-ல் நம் நாட்டில் மைக்கோ கம்பெனி தோன்றியது. டிராக்டர் வைத்திருப்பவர்கள் மைக்கோ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்.

அந்தத் தண்டும் உருளையும் தேயாமல் இருக்க எண்ணெய்ப் பசை வேண்டும். தனியாக எண்ணெய் ஊற்ற அங்கே வழி இல்லை. டீசலின் வழவழப்புதான் காவல். டீசலுக்குப் பதில் தண்ணீர் வந்தால் வழவழப்பு ஏது? இரும்பும் இரும்பும் உராயும். கீறல் விழும். தண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் என்றால் துருவும் சேரும். நாசில் வரை தண்ணீர் போய்விட்டால், அங்குள்ள சூட்டில் அது திடீரென்று ஆவியாகும். நாசிலின் நுனி உடைந்து போவதும் உண்டு.

நுனி போனால் நாசிலையே மாற்ற வேண்டும். கடலில் அது நடக்கிற காரியமா?

தண்ணீர் எந்த வழியில் போகிறது?

அலை அடிக்கும்போது டேங்க் மூடி வழியாகப் போகிறது. மூடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அது போதும். டீசல் வாங்கி வரும் கேனில் நேற்று நல்ல தண்ணீர் பிடித்திருப்பார்கள். கேனைக் கவிழ்த்துக் காயவைக்காமல் டீசல் பிடித்தால் அந்த மிச்சமும் டேங்குக்குத்தான் போகும். புனலில் வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டுகிறவர்கள் உண்டு. துணி தூசியை நிறுத்தும். தண்ணீரை நிறுத்தாது.

இன்னொரு வழி கண்ணுக்குத் தெரியாது. டேங்கில் பாதி டீசல், பாதி காற்று என்று படகு நாட்கணக்கில் நிற்கிறது. பகலில் வெயிலில் டேங்க் சுடுகிறது. இரவில் குளிர்கிறது. ஒவ்வொரு முறையும் கடற்காற்று உள்ளே போய் வருகிறது. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் மேல் முத்து முத்தாக வியர்க்கிறது அல்லவா? அதே போல் டேங்கின் உட்புறமும் வியர்க்கும். அந்தத் துளிகள் வழிந்து அடியில் சேரும். டீசலை விடத் தண்ணீர் கனம். அதனால் அடியிலேயே கிடக்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து, கறுப்புச் சளி போலப் படியும். அது பில்டரை அடைக்கும்.

பெட்ரோல் என்ஜின் வைத்த சின்னப் படகுகளுக்கு வேறு தொல்லை. நம் நாட்டில் 2025 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து, பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

61 நாளும் 8 ஆயிரம் ரூபாயும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017 முதல் 61 நாள் ஆகிவிட்டது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதால் தடை. அதில் தப்பு இல்லை. ஆனால் டேங்க் வியர்ப்பதற்கும் அது போதுமான காலம்!

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள். வலை சீர் செய்கிறார்கள். டேங்கின் அடியில் என்ன கிடக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை.

டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் இல்லை. அதனால் வியர்வையும் குறையும். என்ஜின் கம்பெனிக்காரர்கள் சொல்லும் யோசனை இது. சரியான யோசனைதான். ஆனால் பணம்? 200 லிட்டர் டேங்க் என்றால், லிட்டர் 90 ரூபாய் வீதம் ரூ.18 ஆயிரம் இரண்டு மாதம் சும்மா கிடக்க வேண்டும். 2024-ல் தடைக்காலத்துக்குச் சர்க்கார் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த நிவாரணம் ரூ.8 ஆயிரம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்குவார்களா, டேங்கை நிரப்புவார்களா?

நிரப்ப முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தடை தொடங்கியதும் டீசலை முழுவதும் வடித்துவிட வேண்டும். டேங்கைத் துடைத்துக் காயவைத்து, மூடியை இறுக்க வேண்டும். இதற்குச் செலவு இல்லை. ஒரு பகல் வேலை.

ஜூன் மாதத்துக் காற்று

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். குறுவைக்கு உழவர்கள் காத்திருப்பார்கள். அதே வாரத்தில் மீனவர்களும் கடலுக்குப் புறப்படுகிறார்கள். தண்ணீர் புகுந்து டிராக்டர் நின்றால் வரப்பில் உட்கார்ந்து மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பலாம். படகு நின்றால்?

அது தென்மேற்குக் காற்று வீசும் காலம். நின்றுபோன படகை அந்தக் காற்று தள்ளிக்கொண்டு போகும். பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே 1974-ல் எல்லைக்கோடு போட்டார்கள். கடலில் அந்தக் கோடு தெரியாது. தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கும். காவல், வழக்கு, படகு பறிமுதல் என்று குடும்பமே கலங்கும்.

எல்லை தாண்டுகிற படகெல்லாம் பழுதாகித்தான் தாண்டுகிறது என்று சொன்னால் அது பொய். மீனைத் தேடித் தெரிந்தே போகிறவர்கள் உண்டு. வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் அதனால் படும் கஷ்டமும் உண்மை. ஆனால் உண்மையாகவே என்ஜின் நின்று ஒதுங்கியவன் அதை யாரிடம் நிரூபிப்பான்?

இஸ்ரோ செய்த டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நல்ல கருவி. படகு எங்கே மிதக்கிறது என்று அது கரைக்குச் சொல்லும். மிதந்து போவதை நிறுத்தாது.

நிறுத்துவது சின்னச் சாமான்கள்தான். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே தண்ணீரைப் பிரிக்கும் பில்டர். அதன் அடியில் கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் தெரிந்தால் அடித் திருகைத் திறந்து வடிக்கலாம். மாற்றுப் பில்டர் ஒன்று, ஸ்பானர் ஒன்று படகில் இருக்க வேண்டும். பில்டர் மாற்றியதும் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றாவிட்டால் என்ஜின் கிளம்பாது. அந்த வேலை படகில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தடை முடிவதற்கு முன் மீன்வளத்துறை அதிகாரிகள் ஒவ்வொரு படகாகப் பார்வையிடுகிறார்கள். பதிவு எண், என்ஜினின் குதிரைத்திறன், உயிர்காக்கும் சாதனங்கள் எல்லாம் பார்க்கிறார்கள். அன்றைக்கே டேங்கின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசல் பிடித்து, அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் புட்டியின் அடியில் தனியாக நிற்கும்.