கட்டுரையை யார் படிக்கிறார்கள்?

ஜூலை பிறந்தால் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் கைக்கு ஆங்கில எழுத்துப் பாடத்தின் விதித்தாள் வந்து சேர்கிறது. சில இடங்களில் அது அச்சுத்தாள்; பல இடங்களில் வாட்ஸ்அப் குழுவில் விழும் ஒரு பி.டி.எஃப். வருகைப்பதிவு எத்தனை விழுக்காடு வேண்டும், ஒப்படைப்பு எத்தனை பக்கம் இருக்க வேண்டும், எந்த நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் எவ்வளவு மதிப்பெண் போகும், மென்பொருள் எத்தனை விழுக்காடு ஒப்புமை காட்டினால் ஏடு தள்ளப்படும், செயற்கை நுண்ணறிவின் துணையை நாடினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் உண்டு. மாணவர் எழுதியதை யார் படிப்பார், எத்தனை நாளில் படிப்பார், படித்தபின் என்ன எழுதித் திருப்பித் தருவார் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இராது. மாணவரிடம் எதிர்பார்ப்பவை பத்துப் பன்னிரண்டு. மாணவர் எதிர்பார்க்கக் கூடியது ஒன்றுமில்லை.

இதைச் சிறு குறை என்று கடந்து போவோர் கல்வித்துறையில் நிறைய உண்டு. ஆனால் எழுத்துப் பாடத்தில் இது சிறு குறையன்று. வேதியியலில் ஆசிரியர் ஒப்படைப்பைப் படிக்காவிட்டாலும் மாணவருக்கு ஆய்வகமாவது எஞ்சும். எழுத்துப் பாடத்தில் படிக்கும் ஆள் இல்லையென்றால் பாடமே இல்லை. எஞ்சுவது விதித்தாள் மட்டுமே.

கேரளப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். இளநிலைப் படிப்புகளின் பருவமுறையில் அகமதிப்பீட்டுக்கு 20, பருவத் தேர்வுக்கு 80 என்று பங்கு பிரிக்கப்பட்டது. அந்த 20இல் தேர்வுகளுக்குப் 10, வருகைக்கு 5, ஒப்படைப்பு அல்லது கருத்தரங்குக்கு 5. அதாவது வகுப்பறையில் நாற்காலியை நிரப்பியதற்கு 5. பல நாள் உழைத்து எழுதிய கட்டுரைக்கும் 5. எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான கணக்கு இது, எழுத்துப் பாடத்துக்கென்று தனியே வகுத்ததல்ல என்பார்கள். குற்றச்சாட்டே அதுதான். எழுதக் கற்பிக்கும் பாடத்துக்கும் பொருளாதார வரலாற்றுப் பாடத்துக்கும் ஒரே அளவுகோல் போதும் என்று முடிவு செய்தவர்கள் எழுத்து எப்படிக் கற்கப்படுகிறது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. எஞ்சிய 80 மதிப்பெண்ணோ மூன்று மணி நேரத் தேர்வில் அடங்கியது. நல்ல பத்தியின் இயல்புகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர் அங்கே வெல்கிறார். நல்ல பத்தி ஒன்றை மூன்று முறை திருத்தி எழுதக் கூடியவருக்கு அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. நீச்சலின் விதிகளை எழுதிக் காட்டச் சொல்லி நீச்சல் சான்றிதழ் வழங்குவது போன்றது இது.

2024 ஜூலை 1 அன்று நான்காண்டு இளநிலைப் படிப்பு பெரும் விழாவோடு தொடங்கியது. அகமதிப்பீட்டின் பங்கு 30 விழுக்காடாக உயர்ந்தது. உயர்ந்த பங்கு படிப்பதற்கும் திருத்துவதற்கும் போய்ச் சேர்ந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இராது. நடந்தது வேறு. அகமதிப்பீடு பெருகப் பெருக ஆசிரியர் நிரப்ப வேண்டிய படிவங்களும் கணினியில் ஏற்ற வேண்டிய எண்களும் பெருகின. மதிப்பெண் தொடர்ந்து பதிவாகிறது; கட்டுரை மேசை மீதே கிடக்கிறது.

விதிகள் மாறக் கூடியவையே என்பதற்கும் இதே ஊர் சான்று. 2023 ஜனவரியில் மாதவிடாயைக் கருத்தில் கொண்டு மாநிலப் பல்கலைக்கழக மாணவியருக்குக் கட்டாய வருகை 75 விழுக்காட்டிலிருந்து 73 ஆகக் குறைக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு. மாணவருக்கு உடல் உண்டு என்று விதித்தாள் முதன்முறையாக ஒப்புக்கொண்டது. மாணவருக்கு மொழியும் உண்டு என்பதை அது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பாளையத்திலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியிலும் நகரின் பிற கல்லூரிகளிலும் ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவர் மலையாளத்திலோ தமிழிலோ சிந்தித்துப் பழகியவர். அவர் செய்யும் பிழைகள் தற்செயலானவை அல்ல. 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுபவர் சோம்பேறி அல்லர். 'பற்றி விவாதித்தல்' என்பதில் உள்ள 'பற்றி'யை அவர் விட மறுக்கிறார். மலையாளத்தின் 'குறிச்சு'வும் அதையே செய்கிறது. 'தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' என்று மீண்டும் எழுதுபவர், 'இருந்தாலும்' என்ற பிறகு 'ஆனால்' சொன்னாலும் பொறுத்துக்கொள்ளும் பேச்சு வழக்கிலிருந்து வருகிறார். 'ஏ', 'தி' ஆகிய சுட்டுகள் இரு மொழியிலும் இல்லை. 'ஒரு' என்பதும் 'அந்த' என்பதும் அந்த வேலையைப் பாதிதான் செய்யும். இந்தத் தர்க்கத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். சிவப்பு மையால் வட்டம் போட்டு 'கிராமர்' என்று ஓரத்தில் எழுத ஒரு நொடி போதும். விதித்தாளுக்கு அந்த ஒரு நொடியும் தேவையில்லை: 'இலக்கணப் பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும்' என்று முன்கூட்டியே எழுதி வைத்தாயிற்று.

இந்தச் சிக்கல் இந்த ஊரில் பிறந்ததன்று. ஹார்வர்ட் தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னது 1874இல். வசதியான வீட்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கே, தாய்மொழியிலேயே, எழுத வரவில்லை என்று அப்போது தொடங்கிய புலம்பலிலிருந்து பிறந்ததுதான் கல்லூரிக் கட்டுரைப் பாடம். இந்த ஊருக்குப் பயன்படக் கூடியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் நடந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் தன் கதவுகளை நகரின் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் திறந்தபோது, அதுவரை கல்லூரியைக் கண்டிராத குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்தனர். அவர்கள் எழுதிய ஏடுகளைக் கண்டு பேராசிரியர் பலர் கைவிரித்தனர். மினா ஷாக்னசி ஏறத்தாழ 4,000 ஏடுகளை உட்கார்ந்து படித்தார். பிழைகளுக்குள் ஒழுங்கு இருக்கிறது, பிழை செய்பவர் ஏதோ ஒரு விதியைப் பின்பற்றித்தான் அதைச் செய்கிறார் என்று காட்டினார். 1977இல் வெளிவந்த அவர் நூலின் பெயர் 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. பிழைகளும் எதிர்பார்ப்புகளும். நம் விதித்தாள்கள் எதிர்பார்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு பிழைகளைப் படிக்கும் வேலையை விட்டுவிட்டன. கேரளத்து உயர்கல்வியின் நிலை 1970இன் நியூயார்க்குக்கு வெகு தொலைவில் இல்லை. இங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வகுப்பில் இருக்கிறார்கள்; கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும், நெடுமங்காட்டுக்கு அப்பால் மலையடிவாரங்களிலிருந்தும், எல்லை தாண்டிக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்தும் பேருந்தேறி வருகிறார்கள்.

தாய்மொழியில் வரைவு எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டு வருவதைப் பல வகுப்புகள் இன்றும் இழுக்காகக் கருதுகின்றன. இதே கல்லூரி மகாராஜா கல்லூரி என்று அறியப்பட்ட காலத்தில் அங்கே தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டனின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891இல் 'மனோன்மணீய'த்தைத் தமிழில் வெளியிட்டார். சம்பந்தர் காலம் பற்றிய ஆராய்ச்சியையும் திருவிதாங்கூரின் பழைய அரசர் பற்றிய ஆராய்ச்சியையும் ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு மொழி இன்னொன்றுக்குத் தடையாக அவருக்கு இருந்ததில்லை. தம் ஆசிரியர் ஹார்விக்கு நாடகத்தைக் காணிக்கையாக்கினார்; பேரூர்க்கடையில் கட்டிய வீட்டுக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். இன்றைய விதித்தாளைக் கையில் வாங்கும் மாணவர் எந்த ஆசிரியர் பெயரை வீட்டு வாசலில் எழுதுவார் என்பது வேறு கேள்வி.

அடுத்தது எழுத்துத் திருட்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஆய்வேடுகளுக்குப் படிநிலைகள் வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை திருத்தி மீண்டும் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு வகுத்த இந்த விழுக்காட்டுக் கணக்கை இரண்டு பக்கக் கட்டுரை எழுதும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் நீட்டிக் காட்டும் வழக்கம் பரவிவிட்டது. அதே ஒழுங்குமுறை, மேற்கோளை முறையாகக் காட்டுவது எப்படி என்று மாணவருக்குச் சொல்லித் தருவதையும், பருவந்தோறும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதையும் நிறுவனத்தின் கடமையாக வைத்திருக்கிறது. தண்டனைப் பகுதி மட்டும் விதித்தாளில் ஏறியது. கடமைப் பகுதி ஏறவில்லை. ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து மட்டுமே கற்ற பிள்ளையிடம் 'சொந்த வார்த்தைகளில் எழுது' என்றால், அவரிடம் உள்ள வார்த்தைகளே புத்தகத்தின் வார்த்தைகள்தாம். பிறர் வாக்கியத்தை எடுத்துச் சில சொற்களை மாற்றி ஒட்டுப்போட்டு எழுதுவது திருட்டன்று, கற்கும் வழியில் ஒரு படி என்று ரெபெக்கா மூர் ஹவார்ட் 1990களிலேயே வாதிட்டார். மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. படிக்கும் ஆசிரியருக்குத் தெரியும்.

மென்பொருளுக்குத் தெரியாதது இன்னும் உண்டு. 2023 ஜனவரியில் கேரளப் பல்கலைக்கழகம் ஏற்றுப் பட்டம் வழங்கிய ஆய்வேடொன்றில் 'வாழக்குல' கவிதை வைலோப்பிள்ளியுடையது என்று எழுதப்பட்டிருப்பது வெளியே தெரிந்தது. சங்ஙம்புழாவின் புகழ்பெற்ற கவிதை அது. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. சர்ச்சை உடனே கட்சி அரசியலாகி, முக்கியமான கேள்வி புகைக்குள் மறைந்தது. தவறான பெயரை எந்த ஒப்புமை மென்பொருளும் சுட்டிக்காட்டாது. சுட்டிக்காட்டுவது கவனமாகப் படிக்கும் மனிதர். வழிகாட்டியையும் தேர்வாளர்களையும் கடந்து அந்த வரி நூலகம் வரை போயிருக்கிறது. முனைவர் பட்ட ஏட்டுக்கே வாசிப்பு இப்படியென்றால் முதலாண்டு ஒப்படைப்பின் கதி என்ன?

செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான விதிகளோ அச்சத்தில் எழுதியவை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே மாதம் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்று, ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தது. சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அக்கருவிகள் தவறாக முத்திரை குத்தின. எளிய சொற்களையும் பழகிய தொடர்களையும் நம்பி எழுதுபவரே அதில் சிக்குகிறார். அதாவது நெடுமங்காட்டுப் பிள்ளையே சிக்குவார். முதல் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்?' என்று கேட்கும் ஆசிரியருக்கு அந்தக் கருவி தேவைப்படாது.

ஆசிரியர் தரப்பின் பதில் தெரிந்ததே: நேரம் எங்கே? பதில் நியாயமானது. 60 பேர் வகுப்பில் ஆளுக்கு மூன்று வரைவு, வரைவுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் 45 மணி நேரம் வேண்டும். மானியக் குழுவின் கணக்கில் உதவிப் பேராசிரியரின் வாரக் கற்பிக்கும் நேரம் 16 மணி. அது வகுப்பில் நின்று பேசும் நேரம். 2020 ஏப்ரல் 1 அன்று கேரள அரசு பிறப்பித்த ஆணை அந்த 16 மணியைப் பணியிடத்துக்கான அளவுகோலாக இறுக்கியது. முதுநிலை வகுப்புகளுக்கு இருந்த கூடுதல் நேரக் கணக்கையும் எடுத்துவிட்டது. வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து 60 கட்டுரை படிப்பது அந்தக் கணக்கில் எங்கும் வேலையாகப் பதிவாகாது. பருவத்துக்குப் பருவம் பணி நிச்சயமில்லாத கௌரவ விரிவுரையாளருக்கு நாள் கணக்கில்தான் ஊதியம். வாசிப்பு அவருக்கு வெறும் தானம். விதித்தாள் நீண்டுகொண்டே போவதன் இரகசியம் இங்கேதான். படிக்க நேரமில்லாத இடத்தில் விதி மலிவானது. ஒருமுறை எழுதினால் ஆண்டுக்கணக்கில் தானே வேலை செய்யும்.

ஆகவே ஆசிரியரைத் தனியே குற்றவாளியாக்குவது பயனற்றது. ஆனால் ஆசிரியரும் பாடத்திட்டக் குழுவும் சேர்ந்து செய்யக் கூடியவை உண்டு. எழுத்துப் பாடத்தில் வருகைக்கு மதிப்பெண் எதற்கு? எழுதிய வரைவே வருகை. பருவத்துக்கு ஐந்து ஒப்படைப்புக்குப் பதில் இரண்டு போதும், இரண்டும் திரும்பி வருமானால். முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். அது தமிழிலோ மலையாளத்திலோ தொடங்கினாலும் குற்றமில்லை. கட்டுரை வாசிக்கும் நேரத்தில் ஒரு பங்கையாவது பணிநேரமாக எண்ண வேண்டும் என்ற கோரிக்கை, பணியிடக் கோரிக்கையோடு சேர்ந்து அரசின் முன் போக வேண்டும். பணியிடம் கேட்பதற்கு அதைவிட வலுவான காரணமும் கிடையாது.

இவற்றுக்கெல்லாம் குழு கூடி, தீர்மானம் நிறைவேறி, ஆணை வர ஆண்டுகள் ஆகும். ஒன்றுக்கு மட்டும் யாருடைய ஒப்புதலும் வேண்டாம். அடுத்த பருவத்து விதித்தாளை அச்சிடும்போது, மாணவர் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்குப் பக்கத்தில் ஆசிரியர் திருப்பித் தரும் நாளையும் குறிக்கலாம். அந்த வரியை எழுத முன்வராத துறை, தாமதத்துக்கு மதிப்பெண் குறைக்கும் வரியையும் அடித்துவிட வேண்டும்.