பெட்டியின் மீது ‘ஹை-ரெஸ்’ முத்திரை. காதை எட்டுவது அதே தரமா? வீட்டு இசைக் கருவிகள் குறித்து ஓர் அலசல்

ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்த இழப்பில்லா ஒலிச் சேவை, நான்கு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் 2025 செப்டம்பரில் வெளியானது. ஆப்பிள் மியூசிக் 2021ஆம் ஆண்டிலேயே கூடுதல் கட்டணமின்றி இத்தகைய ஒலியை வழங்கத் தொடங்கியது; இந்தியச் சந்தாதாரர்களுக்கும் அது கிடைக்கிறது. இந்நிலையில், வீட்டு வை-ஃபை வழியாகப் பாடல்களைப் பெற்று ஒலிக்கும் கருவிகள் அதே தரத்தைக் குறையாமல் தருகின்றனவா என்ற கேள்வி எழுந்துள்ளது.

எண்கள் கூறுவது என்ன?

சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளவிடப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் பதிவாகிறது. இதைவிட நுணுக்கமான பதிவே ஹை-ரெஸ் எனப்படுகிறது. ஜப்பான் ஒலிச் சங்கத்தின் ஹை-ரெஸ் முத்திரையைப் பெற, ஒரு கருவி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கையாள வேண்டும்.

ஆப்பிள் மியூசிக்கில் 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பாடல்கள் உள்ளன. ஆனால் சோனோஸ் ஸ்பீக்கர்களின் உச்சவரம்பு 48 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஸ்பாட்டிஃபையின் புதிய சேவையோ 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுடன் நின்றுவிடுகிறது. ப்ளூடூத் வழியாகக் கேட்டால் தரம் மேலும் குறையும்: சிடி ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை, சோனியின் எல்டாக் தொழில்நுட்பம் அனுப்புவது அதிகபட்சம் 990 கிலோபிட். சேவை, கருவி, இணைப்பு ஆகிய மூன்றில் எது குறைவானதோ, அதன் தரமே இறுதியில் காதை எட்டுகிறது.

வேறுபாடு கேட்கிறதா?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், முந்தைய 18 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றிணைத்து 2016இல் ஆராய்ந்தார். ஹை-ரெஸ் ஒலியைக் கேட்போர் சரியாக இனங்கண்டது 52.3 சதவீதம் மட்டுமே. ஊகித்துச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக அமையும். பயிற்சி பெற்ற செவிகளுக்கு வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது.

ஆயுளைத் தீர்மானிப்பது மென்பொருள்

ஒலித்தரத்தைவிட முக்கியமானது, கருவி எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பதே. 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஆதரித்த கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ, 2015இல் அறிமுகமாகி 2019இல் நிறுத்தப்பட்டது. பழைய கருவிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்புகள் நிறுத்தப்படும் என சோனோஸ் 2020 ஜனவரியில் அறிவித்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. அதன் தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்புக் கோர நேர்ந்தது. பின்னர் வந்த எஸ்2 செயலியில் அப்பழைய கருவிகளுக்கு இடமில்லை.

மாறாக, லாஜிடெக் 2012இல் கைவிட்ட ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகள் இன்றும் பல வீடுகளில் பாடுகின்றன. அந்நிறுவனத்தின் இணையச் சேவை 2024இல் மூடப்பட்டபோதும் அவை முடங்கவில்லை. அவற்றை இயக்கும் சர்வர் மென்பொருள் திறந்தமூல வகையைச் சேர்ந்தது. பயனர் தம் வீட்டுக் கணினியிலேயே அதை நிறுவிக்கொள்ளலாம் என்பதே காரணம்.

எனவே, வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது நல்லது. தாம் சந்தா செலுத்தும் சேவை, அக்கருவியில் எந்தத் தரம் வரை ஒலிக்கும்? மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்படுகிறது? நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனால், சொந்தச் சேமிப்பிலுள்ள பாடல்களையேனும் கருவி ஒலிக்குமா? பெட்டியின் மீதுள்ள முத்திரை இம்மூன்றுக்கும் விடை தருவதில்லை.