கலங்கல் நீரில் கண்ணை நம்பாதீர்கள்

வேல் துப்பாக்கியோடு முக்குளித்து மீன் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "சார், நம்ம பக்கத்துல செய்யலாமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். காணொளியில் இருப்பது பவளப்பாறைத் தெளிநீர். மேரு, காப்பார் பக்கம் நமக்கு இருப்பதோ சேற்று நீர்.

முக்குளிப்புக் கண்ணாடி வழியே பார்த்தால், ஒளிவிலகலால் 4 மீட்டர் தூரத்து மீன் 3 மீட்டரில் தெரியும். இது தெளிநீர்க் கணக்கு. கலங்கலில் மண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். டார்ச் அடித்தாலும் மூடுபனியில் கார் விளக்குப் போல வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். உருவம் மங்கினால், அது தூரத்தில் இருப்பதாக மூளை நினைத்துக்கொள்ளும். அசைவது மீனா, கூட வந்த நண்பனின் காலா? காதும் கைகொடுக்காது. நீரில் ஒலியின் வேகம் காற்றில் உள்ளதைவிட 4 மடங்குக்கும் அதிகம். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவை மறந்துவிட்டோமா? 2018 அக்டோபர் 3 அன்று, பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த இளைஞரைத் தேடி இறங்கிய 6 தீயணைப்பு மீட்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது நீரின் வேகம். பயிற்சியும் கருவிகளும் இருந்தவர்கள் அவர்கள்.

"போகாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை, நாமும் கேட்டதில்லை. அளக்கச் சொல்லுங்கள். 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி கண்ட வழி எளியது: வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தைக் குறிப்பது. ஆசிரியர் துணையோடு, படகுத்துறையில் நின்றே செய்யலாம்.

எங்கள் தட்டு முழங்கை ஆழத்திலேயே மறைந்தது. மழைக்குப் பிறகு மறுபடியும் அளக்க வேண்டுமாம். அடுத்த வாரம் போகிறோம்.