வேகத்துக்கு முன்னாடி பிரேக்கு

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். எலக்ட்ரானிக் சிட்டியில் பொட்டி தட்டுகிறான். ஆறு வருஷம் ஓடின ஸ்விஃப்ட் பெட்ரோல் ஒன்று வாங்கியிருக்கிறான். "அண்ணே, போனஸ் எழுபதாயிரம் வந்திருக்கு. ஜே.சி. ரோடு போய் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் மாத்தி, அப்படியே ரீமேப்பும் பண்ணிடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் கிட்டத்தட்டப் பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய அதே அளவு பவரை இழக்கும். எக்ஸாஸ்ட் மாற்றினால் அது திரும்பி வராது, சத்தம்தான் வரும். திறந்த கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். சில்க் போர்டு நெரிசலில் அது நஷ்டம்தான். ரீமேப் டர்போ வண்டிக்கு நல்ல பலன் தரும், மறுக்கவில்லை. அவன் வண்டியில் டர்போ இல்லையே!

அடுத்தது சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தச் சட்டப்படி, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே.

சரி, நம்மில் பலருக்கு கார் எதற்கு? பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகத்தானே? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டினால் தொப்பூர் இறக்கம். நாலு வருஷம் முன்பு அங்கே நல்ல மழை. பளபளவென்று அலாய் வீல் போட்ட நான், தேய்ந்த பழைய டயரையே அதில் மாட்டியிருந்தேன். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போய், ஒரு முழ இடைவெளியில் நின்றது. பின் சீட்டில் அம்மாவும் பொண்ணும். சேலம் வரை தங்கமணி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதனால் என் கட்சி இதுதான். முதல் காசு டயருக்கு. டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2519 என்றால் 2019-இன் 25-ஆவது வாரம் செய்தது. பெரிய சைஸ் ஆசையா? அதே மாடலின் டாப் வேரியண்டில் கம்பெனி போடுவதோடு நிறுத்துங்கள். 165/80 R14-க்குப் பதில் 185/65 R15 போட்டால் மொத்த விட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

இரண்டாவது, பிரேக் பேடும் ஆயிலும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறி அந்த ஈரம் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றுங்கள். மூன்றாவது, ஷாக் அப்சார்பரும் வீல் அலைன்மெண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் காசு மிஞ்சி, வேக ஆசையும் மிஞ்சினால், இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் ரேஸ் ட்ராக் இருக்கிறது. அங்கே போய் ஓட்டட்டும். யாரும் தடுக்கப் போவதில்லை.

"எல்லாம் சரிண்ணே, ஆனா சத்தம் வராதே" என்றான் பயல். இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்குச் சித்தியை அந்த வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போகப் போகிறான். அதனால்தான் இவ்வளவும்.