ஊருக்கெல்லாம் ஒரே சாவி

நம் மாவட்டத்தில் இன்று இன்டர்நெட் மோடமும் சிசிடிவி காமிராவும் இல்லாத தெரு இல்லை. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அப்பா மாத்திரை போட்டாரா, அம்மா வாசல் கதவைச் சாத்தினாளா என்று அங்கிருந்தே கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பெட்டியை மாட்ட வருகிறவரிடம் பாஸ்வேர்டு என்னவென்று கேட்டுப் பாருங்கள். "அட்மின்தான் சார், எல்லா வீட்டுக்கும் அதேதான்" என்று பல பேர் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

எல்லா வீட்டுக்கும் அதே என்றால் அது எப்படிப் பூட்டாகும்?

மோடமும் காமிராவும் பார்க்கத்தான் டப்பா. உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எங்கோ இருக்கும் ஒருவர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், 'இதைச் செய், அதை நிறுத்து' என்று அதற்குக் கட்டளை போட முடியும். டெல்நெட் என்ற பழைய முறையில் பாஸ்வேர்டு வழியெல்லாம் திறந்த தபால் அட்டை மாதிரிப் போகும். பின்லாந்தில் தத்து யிலோனென் என்பவர் தம் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்டுகள் திருடு போனதைப் பார்த்து, 1995-ல் எஸ்.எஸ்.எச். என்ற முறையை உருவாக்கினார். அது உறையிட்டு ஒட்டிய கடிதம்; வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் பாஸ்வேர்டே 'அட்மின்' என்றால் உறை என்ன செய்யும்? வழியில் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே.

2016-ல் 'மிராய்' என்ற கிருமி நிரல் உலகத்தையே ஆட்டியது. அதன் கையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பெனிகள் போட்டு அனுப்பும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் ஏறத்தாழ அறுபது இருந்தன. ஒவ்வொரு கதவாகத் தட்டி, அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான காமிராக்களும் ரவுட்டர்களும் திறந்துகொண்டன. அந்த அக்டோபர் 21 அன்று அந்தப் படையை ஏவியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின.

அது அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியாது. 2017 ஜூலையில் நம் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்களும் இப்படித்தான் தாக்கப்பட்டன. மாட்டிக்கொண்டவை, ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடங்கள். உடனே மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களை அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

"நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் விலைக்கு வந்தன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் படங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தார்கள் என்றது காவல்துறை. அந்தப் பெண்களிடம் திருட என்ன இருந்தது? மானம் இருந்தது.

இதில் எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். ஏதாவது நடந்துவிட்டால் "பெரியவங்களுக்கு டெக்னாலஜி தெரியாது" என்று நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரே சாவியை ஆயிரம் பூட்டுக்குப் போட்டு விற்றவன் யார்? அதை மாற்றாமல் மாட்டிவிட்டுக் காசு வாங்கிப் போனவன் யார்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வீட்டுச் சாவி நம் பூட்டில் திரும்பியிருந்தால் அந்த ஊர் அந்தப் பெயரை எடுத்திருக்குமா? ராயவரம், கோனாப்பட்டுப் பக்கம் செட்டிநாட்டு வீட்டு ஆச்சிகளிடம், ஊருக்கெல்லாம் ஒரே சாவி என்று ஓர் ஆசாரி சொல்லியிருந்தால் வாசற்படி ஏற விட்டிருப்பார்களா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படிப் பொதுப் பாஸ்வேர்டு வைத்து வீட்டுச் சாதனங்களை விற்கச் சட்டப்படி தடை. நம் மத்திய அரசும் சிசிடிவி காமிராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி 2024-ல் அறிவிக்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் அதற்கு முன் மாட்டியவை இன்னும் நம் சுவர்களில்தான் தொங்குகின்றன.

ஆகவே, மாட்ட வருகிறவருக்கு உங்கள் கண்முன்னே பாஸ்வேர்டை மாற்றிய பிறகு பணம் கொடுங்கள். வெளியிலிருந்து மோடத்துக்குள் நுழையும் வசதி தேவையில்லை என்றால் அணைக்கச் சொல்லுங்கள். புதிய பாஸ்வேர்டு நீளமாக, உங்களுக்கு மட்டும் தோன்றும் நாலைந்து சொற்களாக இருக்கட்டும். மறந்துபோகும் என்றால் டைரியில் எழுதிப் பீரோவில் வையுங்கள்; இணையத்தில் வரும் திருடனுக்கு உங்கள் பீரோ எட்டாது. "எதுக்கு சார் வீண் சிரமம்" என்று அவர் சலித்துக்கொண்டால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.